பச்சை மண்ணைச் சுமந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

களிமண்ணையும் சக்கரங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய் மண்பாண்டம் செய்யச் சொல்லிக்கொடுத்தோமே, அதன் முதல் சுற்று முடிந்துவிட்டது. போன இடமெல்லாம் சக்கரத்தைச் சுற்றித்தான் கூட்டம். படம் எடுத்தவர்களும் அதைத்தான் எடுத்தார்கள். ஆனால் வேலை நடந்தது படத்தில் விழாதவர்களால்.

முதல் நன்றி வேன் ஓட்டிய அண்ணனுக்கு. காய்ந்த, சுடாத கிண்ணத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் விளிம்பு மட்டும் கையோடு வரும். அப்படிப்பட்ட கிண்ணங்களைப் பழைய போர்வைக்குள் அடுக்கிவைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் நடைவேகத்துக்கு இறங்கி, பின்னால் ஹாரன் அடித்தவர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு சூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரிதான்" என்பார்.

அப்புறம், காயவைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியைகள். நாங்கள் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். மண் காய நாள்கணக்கில் ஆகும். காற்றில் அப்படியே விட்டால் மெல்லிய பகுதி முந்திக்கொண்டு காய்ந்து சுருங்கும், தடித்த பகுதி பின்தங்கும், நடுவில் விரிசல் விழும். தினமும் காலையில் பிளாஸ்டிக் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, கிண்ணங்களைத் திருப்பி வைத்தார் ஒரு டீச்சர். கோப்பைகளின் காதுகள் சீக்கிரம் காய்கின்றன என்று கண்டு, அவற்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றிவிட்டார். அதை நாங்கள் சொல்லித்தரவில்லை.

இனி எங்கள் தப்பு. ஒரு பள்ளியின் கிண்ணங்களை அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றினோம். சூடு ஏறும்போதே உள்ளே டப் டப்பென்று சத்தம். திறந்தால் பாதிக்கு மேல் சில்லு. மண்ணில் காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்று சமாதானம் சொன்னோம். சூளையை இரவல் தந்த பெரியவர் சிரித்தார். "காத்து இல்ல, தண்ணி." பார்வைக்குக் காய்ந்த மண்ணுக்குள்ளும் ஈரம் இருக்கும், 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, சில்லென்றிருந்தால் ஏற்றக்கூடாது என்று காட்டினார். கோபிக்காமல் மறுபடியும் சூளையைத் தந்தார். இந்த முறை ராத்திரி முழுக்க 100-க்குக் கீழேயே வைத்து, மூடியை ஒரு விரற்கடை திறந்துவிட்டு, விடிந்த பிறகுதான் சூட்டை ஏற்றினார். ஆறும்போதும் 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று சுருங்குமாம், அவசரப்பட்டுத் திறந்தால் கீறிவிடுமாம். எங்களை நம்பாமல் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சரியான முடிவு.

வெடித்தவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. ஒரு சிறுமி சில்லுகளைக் கிளறி "என்னோடது எது?" என்று தேடி, அடிப்பாகத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்து செய்தார்கள். அவர்களுக்குச் சொல்ல நன்றியைவிடப் பெரிய சொல் எங்களிடம் இல்லை.

பள்ளிகளில் துப்புரவு செய்த அக்காக்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். கை கழுவிய மண் தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டு ஒரு இடத்தில் குழாயை அடைத்துவிட்டோம். இப்போது இரண்டு வாளி வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கும் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். காய்ந்த மண்தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. அதனால் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம். வேலை இரட்டிப்பானது. முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

பணமும் மண்ணும் தந்தவர்களுக்குத் தனித்தனியே எழுதியிருக்கிறோம்.

அடியில் பெயர் கீற மறந்த ஏழு கிண்ணங்கள் இன்னும் வேனில் இருக்கின்றன. ஒன்றின் உள்பக்கம் முழுக்கச் சின்னக் கட்டைவிரல் தடம். சுட்டபின் சுருங்கியிருப்பதால் உங்கள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மண் வண்டிக் குழுவினர்