கொப்பு வெட்ட 38,000 ரூபாவா என்று கேட்ட மகனுக்கு

இணுவில்,
யாழ்ப்பாணம்.
ஆவணி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நேற்றுத் தொலைபேசியில் கிணற்றடி மாமரத்தின் கொப்பு வெட்டக் கேட்ட கூலியைச் சொன்னதும், "அந்தக் காசுக்கு மரத்தையே தறித்துவிடலாம், பின்வளவுப் பலாவையும் சேர்த்துத் தறியுங்கள்" என்று சொல்லிவிட்டாய். எனக்கு அது பொறுக்கவில்லை. வேலைக்கு ஓடும் அவசரத்தில் நின்றாய், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

விலை கேட்க இரண்டு பேரைக் கூப்பிட்டேன். முதலாமவர் படலையடியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "15,000 தாருங்கள், உச்சியை மொட்டையாகத் தட்டிவிடுகிறேன்" என்றார். மற்றவர் மரத்தைச் சுற்றி நடந்தார். அடிமரக் கந்தைத் தட்டிப் பார்த்தார். ஓட்டுக்கு மேலே நீட்டி நிற்கும் பெரிய கொப்பு பிரியும் கவரில் விரலளவு வெடிப்பு ஒன்று ஓடியிருப்பதை எனக்குக் காட்டினார். அந்தக் கொப்புக்குக் கீழேதான் உன் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் படுக்கும் அறை.

அவர் கேட்டதுதான் 38,000. ஏன் இவ்வளவு என்று நானும் கேட்டேன். மேலே ஏறுபவர் ஒருவர், கீழே கயிறு பிடிக்க இருவர், மிசின் வாள், பெற்றோல், வெட்டியதை ஏற்றிப்போக லாண்ட்மாஸ்டர். வெறும் வளவில் நிற்கும் மரமென்றால் கொப்பை வெட்டிக் கீழே விழுத்திவிடலாம், பாதிக் கூலி போதும் என்றார். எங்கள் மரத்துக்கு ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் கிணறு, நடுவில் வீட்டுக்கு வரும் மின்கம்பி. ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாமல் மரத்தில் ஏறமாட்டேன் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

எப்படி வெட்டுவார் என்றும் கேட்டேன். பாரமான கொப்பில் முதலில் அடிப்பக்கத்தில் சிறிய வெட்டு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்குவது. கடைசியில் மிஞ்சிய கட்டையை, கொப்பு கந்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டுவது. மேலிருந்து மட்டும் வெட்டினால் பாரத்தில் முறிந்து பட்டையைக் கந்துவரை உரித்துக்கொண்டு போகும். வளையத்தையும் சேர்த்து வெட்டினால் காயம் மூடாது, கட்டையை நீளமாக விட்டால் உக்கி உள்ளே இறங்கும். இலையில் காற்பங்குக்கு மேல் எடுக்கவும் மாட்டாராம். இது கையில் கத்தி இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேலை இல்லை, தம்பி.

மலிவாக மொட்டையடித்தால் என்ன ஆகும் என்பதைப் பெரியம்மா வீட்டில் பார்த்தோம். வெட்டிய இடமெல்லாம் தளிர் தடி தடியாகக் கிளம்பி, இரண்டு மூன்று வருடத்தில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தடிகளுக்குக் கந்துக்குள் பிடிமானம் கிடையாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது ஒன்று பிய்ந்து குசினிக் கூரைச் சீற்றின்மேல் விழுந்தது. சீற்று மாற்றிய செலவில் மரத்தை இரண்டு தடவை ஒழுங்காக வெட்டியிருக்கலாம்.

பலாவைப் பற்றிய பேச்சே வேண்டாம். பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நீ இருக்கும் ரொறன்ரோவிலும், குறுக்களவு 30 சென்ரிமீற்றர் வந்த மரத்தைச் சொந்தக் காணியில்கூட நகரசபையைக் கேட்காமல் தறிக்க முடியாது என்று நீதானே சொன்னாய்? சட்டத்தை விடு. இந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை நட்டுக் காய்க்க எத்தனை வருடம் பார்த்திருந்தோம்!

வெட்டுவதென்றால் இப்போதே வெட்ட வேண்டும். பழம் முடிந்துவிட்டது. இப்போது வெட்டினால் புதுத் தளிர் முற்றித் தை மாதப் பூவுக்குத் தயாராகும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னர் ஓட்டின் பக்கமும் வெளித்துவிடும். விறகை நாங்களே வைத்துக்கொள்கிறோம், குழையை வாழைக்குப் போடுகிறோம், லாண்ட்மாஸ்டர் வேண்டாம் என்றேன். 33,000க்கு ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறவரிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

காசுக்கு நீ யோசிக்க வேண்டாம், என் சீட்டுக் காசு இருக்கிறது. எனக்கு இப்போதுள்ள பயம் அப்பாதான். நீ விலையைக் கேட்டு வாய் பிளந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர், இன்று காலை பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி வந்து மாமரத்தில் சாத்தி வைத்திருக்கிறார். 71 வயது, முழங்கால் நோவு. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமை வேலையாட்கள் வருகிறார்கள். கடிதத்தைப் படம் எடுத்து மருமகளின் போனுக்கு அனுப்புகிறேன். வாசித்த உடனே அப்பாவோடு கதை.

அன்புடன்,
அம்மா