பால் பருவத்தில் ஜிப்ரலின் வேண்டாம், தங்கராசு

அன்புள்ள தங்கராசு,

அம்மிணிக்கு வரன் அமைந்த சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். அத்தை கேட்ட கால்வலித் தைலத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டேன். நம்ம கண்ணாடி வாத்தியார் உன்னைக் கேட்டார், ஒரு போன் போடு.

போனில் நீ சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் வீரிய நெல் விதை வயலில், விதை எடுக்கும் பெண் வரிசைக்குத் தெளித்தது போக மிச்சமிருக்கும் ஜிப்ரலிக் அமிலத்தை, அதாவது அந்த ஜிப்ரலின் வளர்ச்சி ஊக்கியை, மணியை நசுக்கினால் பால் வரும் பால் பருவத்தில் அடித்துவிட்டால் மணி நன்றாகத் திரளும் என்று கடைக்காரர் சொன்னாராம், கூடவே மணி பருக்க ஒரு டானிக்கும் தருகிறாராம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டவன், பதிலைக் கேட்பதற்குள் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது என்று மோட்டாருக்கு ஓடிவிட்டாய். எப்போதும் போலத்தான்!

கதிர் வரும்போது நீ அடித்தது சரியான வேலை, அதில் குறையே இல்லை. தனக்கென்று பயன்படும் மகரந்தம் இல்லாத ஆண் மலட்டுப் பெண் வரிசையில் கதிரின் கழுத்து, கதிரையொட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் பூவுக்கு ஆண் வரிசையின் மகரந்தம் எட்டாது. கழுத்தை நீட்டத்தான் ஜிப்ரலின். நூற்றுக்கு 5 முதல் 10 கதிர் தலைகாட்டும்போது, ஹெக்டேருக்கு 45 முதல் 60 கிராம், இரண்டு நாளாகப் பிரித்து. தண்ணீரில் லேசில் கரையாது என்பதால் முதலில் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்கிறோம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த மருந்துக்கு அங்கே இருந்த வேலை தண்டில். மணிக்குள்ளே நடப்பது வேறு கதை.

மகரந்தம் சேர்ந்த சில மணி நேரத்தில் சூல் கருவுற்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாள், பிறகு மாவு நிறையப்போகும் பாகமான முளைசூழ்தசையில் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பெருகும், நடுவில் சுவரே இருக்காது. அப்புறம் சுவர் எழும்பி, செல்கள் பிரிந்து, ஏறக்குறைய 10 நாளில் அந்த வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரன், செல்லைப் பிரியவைக்கும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன். இளமணியில் அது குவிந்து கிடக்கும். இயற்கையில் கிடைக்கும் சைட்டோகைனினான சியாட்டினை 1963இல் லெதாம் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்ததும் முற்றாத மக்காச்சோள மணியிலிருந்துதான். எத்தனை செல் உண்டாகிறதோ அத்தனை அறையில்தான் பிறகு மாவு நிறையும். நீ பாலை நசுக்கிப் பார்த்து டேங்கைத் தூக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு முடிந்துபோயிருக்கும். எந்த டானிக்காலும் அறைகளைக் கூட்ட முடியாது. அதோடு, நெல்லின் உமி பூப்பதற்கு முன்பே தன் முழு அளவுக்கு வந்துவிடுகிறது. அரிசி அதற்குள்தான் வளர வேண்டும். மணி பருக்கும் டானிக் எங்கே போய்ப் பருக்கும், நீயே சொல்.

செல் பிரிவது அடங்கி மாவு ஏற ஆரம்பிக்கும்போது மணி தானே ஆக்சின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொள்ளும். ஜிப்ரலினும் இளமணியில் நிறைய உண்டு, பிறகு முற்ற முற்ற இறங்கிவிடும். அது இறங்கத்தான் வேண்டும். ஏனென்றால் 10, 12 நாளிலேயே கருவுக்கு வேரும் குருத்தும் உருவாகி, முளைக்கும் திறனும் வந்துவிடுகிறது. கதிரில் இருக்கும்போதே முளைக்காமல் அதைப் பிடித்து வைத்திருப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். மணி முற்றும் நடுக்கட்டத்தில் இது ஏறும். காய்ந்தாலும் கரு சாகாதபடி காக்கும் புரதங்களை உண்டாக்குவதும் இதுதான், உறக்கத்தைக் கொடுப்பதும் இதுதான். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மக்காச்சோளத்தில் பார்க்கலாம். கரோட்டின் நிறமிகள் உண்டாகும் வழியிலேயேதான் இந்த அமிலமும் உண்டாகிறது. அந்த வழி அடைபட்ட ரகங்களில் மணி வெளுத்துப்போய், கதிரிலேயே முளைவிட்டு நிற்கும்.

ஜிப்ரலின் இதற்கு நேர் எதிர். முளைக்கும் நேரத்தில் கரு ஜிப்ரலினை அனுப்பும். தவிட்டுப் படலம் அதை வாங்கி அமைலேஸ் நொதியைச் சுரக்கும். நொதி மாவைச் சர்க்கரையாகக் கரைக்கும். பார்லியின் கருவை வெட்டி எறிந்துவிட்டு, மீதி அரை விதைக்கு ஜிப்ரலின் கொடுத்தாலே மாவு கரைகிறது என்று 1960இலேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருக்க, உறக்கம் உருவாகும் நாட்களில் கதிரின் மேலேயே அதைத் தெளிப்பது எவ்வளவு பெரிய ஆபத்து! வீரிய நெல் விதை உற்பத்தியில் ஜிப்ரலின் அளவு கூடிய வயல்களில் மணி கதிரிலேயே முளைப்பதும் கூடும். பெண் வரிசைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் பூ நெடுநேரம் திறந்தே கிடப்பதால் பல மணிகளில் உமி வாய் சரியாக மூடாது. ஒரு மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். உனக்கோ அறுவடை ஐப்பசி மழையில் விழுகிறது. எனக்கு இதுதான் பயம். முளைத்த மணியை எடுத்து உமியை உரித்துப் பார்த்திருப்பாய்: அடியில் கரு இருக்கும் மூலையில் வெள்ளையாக ஒரு முனை, அதையொட்டிய அரிசி நகம் பட்டாலே பிசுபிசுவென்று கூழாகும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் அது விதையாகாது.

மணி திரள என்ன செய்யலாம் என்று கேட்பாய். தண்ணீரைக் கவனி. கதிரின் மேல்கிளையில் முதலில் பூத்த மணிகள் எப்படியும் நிரம்பிவிடும். அடிக்கிளைகளில் கடைசியாகப் பூத்தவைதான் பொக்காகிப் போகும். அவற்றில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் அதிகம், அப்சிசிக் அமிலம் குறைவு. சீனாவின் யாங்சோ பல்கலைக்கழகத்தார் இதை வருடக்கணக்காக அளந்திருக்கிறார்கள். மணி நிரம்பும் காலத்தில் மண்ணை மிதமாகக் காயவிட்டால் அப்சிசிக் அமிலத்தின் கை ஓங்கி அடிமணிகளும் நிரம்புகின்றன. அளவுக்கு மீறிக் காய்ந்தால் எத்திலீன் ஏறிப் பதராகும். அதனால் பூக்கும் நாட்களில் 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பூத்து ஒன்பது பத்து நாள் ஆனபின், வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் அடுத்த தண்ணீர் கட்டு. கண்ணாடி இலை பகலில் சுருண்டால் தாமதித்துவிட்டாய் என்று அர்த்தம்.

பூத்து 25 நாள் ஆனதும் பெண் வரிசையில் அங்கங்கே பத்துக் கதிர் அறுத்துக்கொள். சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் சுற்றி, நிழலில் வை. துணி காயவே கூடாது. ஏழு நாள் தினமும் பிரித்துப் பார். மூன்றாம் நாளே பரவலாக முளை தெரிந்தால் உறக்கம் இல்லை என்று வைத்துக்கொள். மழைக்கு முன் அறுத்துவிட ஆளும் தார்ப்பாயும் தயார் பண்ணு. ஆண் வரிசையை முதலில் அறுத்து வெளியேற்று. பெண் வரிசை விதையை மெல்லிசாகப் பரப்பி 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவா, குவித்துப்போட்டு ஒரு ராத்திரிகூட விடாதே.

விதை உறங்கிப்போனால் முளைப்புச் சோதனையில் தோற்குமே என்று பயப்படாதே. அதற்கு வழி இருக்கிறது: லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து 16 மணி நேரம் ஊறவைத்தால் எழுந்துவிடும். உறங்கும் விதையை எழுப்பலாம், முளைத்துவிட்ட விதையை என்ன செய்ய?

மிச்சப் பவுடரைக் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வை. அடுத்த போகத்துக்கு ஆகும். கரைத்துவிட்டால் மட்டும் நிற்காது. சோதனைத் துணியைப் பிரித்த அன்றே எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணி முளைத்தது என்று எண்ணிச் சொல்.

அன்புடன்,
சோமு