புதுநெல் விழாவும் பள்ளித் திடலும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. பருவத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது என் வழக்கம். இம்முறை ஒரு வாரம் தாமதம். அதற்கான காரணம் கடிதத்தின் பாதியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் நல்ல செய்திகள். தேர்வில் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு கணக்கில் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும், அவர்களிடமும் சொல்லியாயிற்று. கலைத் திருவிழாவில் நம் கும்மிக் குழு பரிசு வாங்கியது. எட்டாம் வகுப்பினர் படிப்புதவித் தேர்வுக்குத் தயாராகி வருகிறார்கள். கை கழுவும் இடத்தில் பழுதான குழாய்களை மாற்றிவிட்டோம். இவற்றில் உதவிய எல்லோருக்கும் நன்றி.

அடுத்தது நம் புதுநெல் உணவு விழா. மேட்டூரில் வழக்கம்போல் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், அது வெண்ணாற்று வழியாக நம் வாய்க்கால்களுக்கு வந்து, நட்ட குறுகிய காலக் குறுவை நெல் புரட்டாசிக் கடைசியில் தலைசாயும். அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகளோடு கொண்டாட வேண்டும் என்பது மூன்று ஆண்டுகளாகப் பேசி வந்த ஆசை. இந்த ஆண்டுதான் கைகூடியது. அவரவர் வீட்டில் செய்யும் ஒரு பலகாரம் அல்லது குழம்பு, அதனோடு அதைச் செய்யும் முறையைப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதிய ஒரு தாள். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். வந்ததோ இரண்டு பெஞ்சு தாங்காத அளவு.

பூங்கார் அரிசிக் கஞ்சி வந்தது. அறுபதாங்குறுவை அவல் வந்தது. கருப்புக் கவுனியில் வெல்லமும் தேங்காயும் போட்ட இனிப்பு வந்தது. (ஆசிரியர் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை: கவுனி நீண்ட காலப் பயிர், குறுவைப் பட்டத்து நெல் அல்ல. அந்த அரிசி சென்ற தை அறுவடையில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் பாத்திரம் முதலில் காலியானது அதுதான்.) ஒரு பாட்டி ஆரைக்கீரைக் கூட்டும் வயல் நண்டு ரசமும் கொண்டுவந்து, "களைக்கொல்லி அடிக்காத வரப்பிலே பறிச்சது" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். ரசம் பிள்ளைகள் வரை போகவில்லை, ஆசிரியர்களோடு முடிந்துவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பொரிவிளங்காய் உருண்டையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் பல்லால் முயன்று, பிறகு தூணில் தட்டி உடைத்தான். மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடைச் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை வைத்து, தாளில் "நம் ஊர்க் கடையில் வாங்கியது, ஆகவே உள்ளூர் உணவு" என்று எழுதியிருந்தாள். அவளுடைய வாதத்துக்கு இதுவரை என்னிடம் பதில் இல்லை.

விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடம் சொல்ல வேண்டும். "நம் வயல் நெல் எங்கே போகிறது?" வீட்டில் உண்பது சம்பா, குறுவை பெரும்பாலும் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே போகும் நெல்தான் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக அரிசியாகி ரேஷன் கடைக்கும் சத்துணவுக்கும் வருகிறது என்று விளக்கினோம். அன்று மதியம் தட்டில் விழுந்த சோற்றைச் சில பிள்ளைகள் வழக்கத்தைவிட உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

விழா அழைப்பிதழில் "இடம்: பள்ளித் திடல்" என்று அச்சிட்டிருந்தோம். நடந்ததோ வராந்தாவில். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பாத்திரங்கள், பெஞ்சுகள் என எல்லாம் ஓர் ஒடுங்கிய வராந்தாவில். வந்தவர்களில் பலர் வெயிலில் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனீர்கள். அறுவடையைக் கொண்டாடத் திடலில் இடமில்லை. ஏனென்றால் திடலில் அறுவடை கிடந்தது.

இதைக் குற்றப்பத்திரிகையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் நெல் விளையும் வீட்டில் பிறந்தவள். யாரும் அள்ளினால் தெரியும்படி குவியலின் மேல் சாணிப்பால் குறி போட்டுவிட்டு, களத்திலேயே என் அப்பா கட்டில் போட்டுப் படுத்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஐப்பசியில் மேகம் கறுக்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அரிவாளால் அறுத்தார்கள். கட்டுக் கட்டி, போர் போட்டு, அடித்துத் தூற்றுவதற்குள் நெல் பாதி காய்ந்துவிடும். இப்போது பெல்ட் வண்டி எனும் அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கி ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. கொட்டிய நெல்லில் ஈரம் அப்படியே இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் வாங்க மாட்டார்கள், கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஊர்க் களம் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. சாலையில் கொட்டினால் பஸ் ஏறுகிறது. மிச்சம் இருக்கும் சமதளமான, காய்ந்த, நாலு பக்கமும் சுவர் உள்ள இடம் பள்ளித் திடல்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் என் கண்ணும் அங்கேதான் போயிருக்கும்.

அதனால்தான் முதல் நாள் ஒருவர் வந்து, "டீச்சர், ஒரு நாள் மட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டபோது சரி என்றேன். அது என் தவறு. ஒருவருக்குச் சரி என்றால் ஊருக்கே சரி என்றுதான் பொருள் என்பது, இத்தனை ஆண்டு பணிக்குப் பிறகாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பள்ளிக்கு வந்தபோது கொடிக்கம்பத்தைச் சுற்றி நெல். மூன்றாம் நாள் கழிப்பறைக்குப் போகும் சிமெண்டுப் பாதை வரை நெல். இறைவணக்கக் கூட்டத்தை ஒன்பது நாள் வகுப்பறைகளுக்குள்ளேயே நடத்தினோம்.

அந்த ஒன்பது நாளில் நடந்தவற்றைச் சொல்கிறேன். கழிப்பறைப் பாதையில் சிதறிக் கிடந்த நெல்லில் வழுக்கி இரண்டாம் வகுப்புச் சிறுமிக்கு முழங்கை சிராய்த்தது. நெல்மேல் நடப்பது எவ்வளவு வழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்துணவு நேரத்தில் யாரோ தூற்றியதில் பதரும் சுணையும் பறந்து சாம்பார் வாளியில் விழுந்தன. சமையலர் அம்மா வாளியையே மாற்றினார். பலருக்குக் கழுத்தும் கையும் அரிப்பெடுத்து, மதியத்துக்குப் பின் வகுப்பில் பாடத்தைவிடச் சொறிதலே அதிகம் நடந்தது. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஒரு மாலை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, நெல் மூட்டை ஏற்ற வந்த டிராக்டர் ஒன்று பின்னோக்கி வந்தது. ஓட்டியவருக்குப் பின்னால் இருந்தது தெரியவில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவர் ஓடிப்போய் டிரெய்லரைக் கையால் தட்டிக் கூவியதால்தான் அது நின்றது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையடுத்த வாரம் பெய்த மழையில் ஐந்தாம் வகுப்பறையின் பூட்டு உடைக்கப்பட்டு, உள்ளே மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. உடைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஊருக்கே தெரிந்த பெயரை நானும் தெரிந்துகொள்ள வேண்டிவரும். புதுப் பூட்டின் விலையை மட்டும் அவர் பள்ளியில் கட்டிவிட்டால் போதும்.

இன்னொன்று இதைவிட என்னை வருத்துவது. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் நான்கு நாள் வரவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தால், நம் திடலிலேயே, வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே, கையில் குச்சியோடு ஆடும் காக்கையும் விரட்டிக்கொண்டு நின்றான். உள்ளே கணக்கு வகுப்பு நடந்தது; அவன் வெளியே நிழலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் வகுப்புக்கு வந்தபோது ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டார்: 100 கிலோ நெல்லில் ஈரப்பதம் 21 விழுக்காடு. காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு? வகுப்பு 96 என்றது. அவன் மட்டும், "96 இல்லை சார், 95 சொச்சம்தான் வரும், எடை குறையும்போது ஈரத்தின் பங்கும் மாறும்" என்றான். சரியான விடை அதுதான். இப்படி ஒரு பிள்ளையைக் காக்கை விரட்ட நிறுத்தியிருக்கிறோம்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். நெல் காவலுக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளி நேரத்தில் நிறுத்திக்கொள்ளக் கூடாது. வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் கைகொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவ இடம் தருகிறது. பள்ளி மணி அடித்த பிறகு அந்த இடம் இல்லை. இனி இப்படி வராமல் நிற்கும் பிள்ளையின் வீட்டுக்கு முதல் நாளே நான் வருவேன். இரண்டாம் நாள் தனியாக வர மாட்டேன். அதே போல், பள்ளி நாள்களில் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை எந்த வண்டியும் திடலுக்குள் நுழையக் கூடாது. டிராக்டர், மினி லாரி, மோட்டார் சைக்கிள், யாருடையதாக இருந்தாலும். வாயிற்கதவு பூட்டியிருக்கும். அந்தப் பூட்டும் உடைந்தால் அடுத்த கடிதம் உங்களுக்கு வராது, காவல் நிலையத்துக்குப் போகும்.

இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டு, வெயில் அடிக்கும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டீர்களா டீச்சர் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மறக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். சனி, ஞாயிறு இரு நாளும் முழுத் திடலும் உங்களுக்கு. ஞாயிறு மாலை பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளி நாள்களில் வேப்பமரத்துக்கு மேற்கே, மதிலை ஒட்டிய பகுதி மட்டும். அங்கே கயிறு கட்டிவிட்டோம். ஒரு நேரத்தில் இரண்டு வீட்டாருக்கு மேல் கொட்ட வேண்டாம். முறையை நீங்களே பேசி முடிவு செய்து, எழுதிய தாளை என்னிடம் கொடுங்கள். பின்தங்கியவர் யார், முந்தியவர் யார் என்ற வழக்குக்கு என்னை நடுவராக்காதீர்கள். கிளறுவதும் தூற்றுவதும் சத்துணவு நேரத்தில் வேண்டாம். திடீர் மழை வந்தால் மூட்டைகளைச் சைக்கிள் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். வகுப்பறை கிடையாது.

இதுவும் தற்காலிகம்தான். ஊருக்கு ஓர் உலர்களம் வேண்டும். நவம்பர் 1 கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். கோரிக்கை மனுவின் வாசகத்தை எட்டாம் வகுப்பு மாணவிகள் எழுதுகிறார்கள். பிழை திருத்துவது மட்டுமே என் வேலை. அன்று வீட்டுக்கு ஒருவராவது வந்து கையெழுத்திடுங்கள். வயல் வேலை அன்றைக்கும் இருக்கும், தெரியும். ஆனாலும் வாருங்கள்.

கோபத்தில் எழுதத் தொடங்கிய கடிதம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு முறை கிழித்துப் போட்டேன். எழுதிக்கொண்டிருந்த மாலையில் ஒரு பெற்றோர் வந்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு மரக்கால் புதுநெல்லை அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குக் கோயிலுக்குக் கொடுத்ததுபோக மீதி என்று பிறகு தெரிந்தது. அன்று டிராக்டரை ஓட்டி வந்தவரும் மறுநாள் பள்ளிக்கு வந்து, தட்டிக் கூவிய ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வழுக்கி விழுந்த பிள்ளையின் அம்மா அன்று மாலையே வந்து, தானே துடைப்பம் எடுத்துப் பாதை முழுவதும் பெருக்கிவிட்டுப் போனார். அந்தப் பாதையில் கிடந்தது அவர் வீட்டு நெல் அல்ல. விழாவுக்கு விடியற்காலையில் எழுந்து சமைத்த அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும், பெஞ்சு தூக்கிய அப்பாக்களுக்கும், காலைச் சிற்றுண்டி முடித்த கையோடு விழாவுக்கும் நின்ற சமையல் பணியாளர்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. பிள்ளைகள் எழுதிக்கொடுத்த செய்முறைத் தாள்களைத் தைத்து ஒரு சிறு நோட்டாக்கி நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம். வயல் நண்டு ரசத்தின் செய்முறை அதில் இல்லை. அந்தப் பாட்டி "எழுதத் தெரியாது, வந்தால் காட்டுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை போகப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: விழாவன்று விட்டுப்போன மூன்று எவர்சில்வர் தூக்குகள், ஒரு பித்தளைக் கரண்டி, மூடியில்லாத ஒரு சம்படம் ஆகியவை அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றோடு ஒரு நீலப் படுதாவும் நெல் தள்ளும் பலகை இரண்டும் இருக்கின்றன. உரியவர்கள் 4.30-க்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.