திசுப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சதையியின் (கணையத்தின்) தலைப்பகுதி, பித்தக்கானின் கீழ்ப்பகுதி, அது முன்சிறுகுடலில் திறக்கும் வாய் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கு வழக்கமாகச் செய்வது, அந்தப் பகுதிகளை வெட்டியெடுத்து மிஞ்சியதைக் குடலோடு தைக்கும் விப்பிள் சத்திரசிகிச்சை. ஆனால் அதன்பின் உயிர்வாழும் காலம் ஒன்றல்ல. பித்தக்கான் திறக்கும் அந்த வாயில் தோன்றிய கட்டி சீக்கிரமே பித்தத்தை அடைத்துச் செங்கமாரியாக (மஞ்சள் காமாலையாக) வெளித்தெரியும். அதில் தேறுவோர் அதிகம். சதையியில் தோன்றியதில் குறைவு. வலியில்லாத செங்கமாரியோடு மலமும் வெளிறினால், கீழ்க்காய்நெல்லி அரைத்து வாரங்களைக் கழிக்காமல் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வெட்டிய விளிம்பில் புற்றுக்கலம் மிச்சமா, நரம்பைச் சுற்றிப் படர்ந்ததா, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியது என்பதெல்லாம் திசுப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். குறைந்தது 12 கணுக்களாவது பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நான்கைந்தை மட்டும் பார்த்துப் 'பரவவில்லை' என்றால் முழுதாக நம்ப முடியாது. சத்திரசிகிச்சை மட்டக்களப்பில் நடந்தாலும் கொழும்பில் நடந்தாலும் பிரதியொன்று கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும்.

விப்பிள் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்யும் இடங்களில் இறப்பு குறைவு. சதையியைக் குடலோடு தைத்த இடம் கசிவதே பெரிய ஆபத்து. அதை நேரத்துக்குக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

சதையிப் புற்றென்றால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஆறு மாதம் கீமோ. அதைத் தொடங்க, உடல் தேறும்வரை 12 வாரம் மட்டும் பொறுக்கலாம், இடையில் விடுவதுதான் கெடுதல். மலம் எண்ணெய்ப்பிசுக்காக மிதந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியக் குளிசை தருவார்கள். அதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறுவயிற்றில் பயனில்லை.

வாசகர்,
களுவாஞ்சிகுடி