கண் கவசம் இல்லாமல் வெல்டிங் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பஞ்சிகாவத்தை, ஆமர் வீதிப் பக்கம் போனால், கையால் முகத்தை மறைத்துக்கொண்டு வெல்டிங் அடிக்கும் பொடியன்களைப் பார்க்கலாம். சிலர் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார்கள். வெயிலுக்குப் போடும் அந்தக் கண்ணாடி இதற்குப் போதவே போதாது. ஆர்க் வெல்டிங்குக்கு 10 முதல் 13 வரையான இருள் எண் (கண்ணாடி எவ்வளவு இருட்டு என்பதைக் காட்டும் எண்) கொண்ட முகக்கவசம் வேண்டும்.

மோசம் என்னவென்றால், அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். வலி பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில்தான், கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் தொடங்கும். பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளுக்கும் இதே கதிதான். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாகவே விட்டுக்கொண்டிருந்தால் புண் ஆறாமல் பார்வையே கெடலாம்.

கிரைண்டரில் பறக்கும் துகள் இன்னும் ஆபத்து. கருவிழியில் தைத்த இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். தயவுசெய்து அதை எடுக்கச் சொல்லி, கூட வேலை செய்பவரின் ஊசி முனைக்குக் கண்ணைக் கொடுக்காதீர்கள். கசக்காமல் நேரே தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.

வேலைத்தளப் பாதுகாப்புக்கான தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதலே இருக்கிறது. தொழில் திணைக்கள அதிகாரிகள் இந்தச் சின்னப் பட்டறைகளுக்கும் வரவேண்டும். முதலாளிமார் கவசம் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, போடாதவரிடம் வேலையைக் கொடுக்கவே கூடாது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். வீதியோரப் பட்டறைக்காரர்கள் ஒரு மறைப்பாவது கட்டட்டும்.

வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை