ஜூலை மாசத்த பார்க்காமலே போன மாமாவுக்கு

மாமா,

நேத்து சாயங்காலம் உங்க வாட்ஸ்அப் வந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை. "சொன்னேன்ல."

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு நீங்க டெக்சாஸ் போய், நம்ம சியாட்டல் மரைனர்ஸ் பேஸ்பால் டீம் பத்தி ஒரு மெசேஜ் கிடையாது, ஒரு ஸ்மைலி கூட கிடையாது, பதினாலு மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சப்போ மூச்சு விடல, ஹூஸ்டன்காரன் வந்து நம்ம வீட்டுக்குள்ளயே மூணு மேட்ச் வரிசையா அடிச்சிட்டு போனதும் உடனே ஃபோன எடுத்து "சொன்னேன்ல"வா? இதுக்கு வாட்ஸ்அப்ல பதில் போட்டா நீங்க ப்ளூ டிக்கோட நிறுத்திக்குவீங்கன்னு தெரியும், அதான் ஊரே படிக்கற மாதிரி இங்க எழுதறேன். அத்தைக்கும் லிங்க் அனுப்பிடுவேன்.

நீங்க கிளம்பின நாள் ஞாபகம் இருக்கா? 2022 ஜூன் 19, ஞாயித்துக்கிழமை. ஏஞ்சல்ஸ் கிட்ட நம்ம கிரவுண்ட்லயே அஞ்சு மேட்ச்ல நாலு தோத்து முடிச்ச நாள். 29 ஜெயிப்பு, 39 தோல்வி. வண்டியில கடைசி அட்டைப்பெட்டிய ஏத்திட்டு, அந்த பழைய 51-ம் நம்பர் இச்சிரோ ஜெர்சிய எடுத்து என் கையில குடுத்தீங்க, "இனிமே இது உன் தலையெழுத்து"ன்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன். ஆனா உங்க முகத்த பார்த்தா சிரிக்கற மாதிரி இல்ல.

உங்க கோவம் எனக்கு புரியாம இல்ல மாமா. 1999-ல வந்து இறங்கின ஆளு நீங்க, புது ஸ்டேடியம் திறந்த வருஷம், ரெண்டே வருஷத்துல 2001-ல 116 மேட்ச் ஜெயிச்ச டீம கண்ணால பார்த்தீங்க. அதுக்கப்புறம் 2021 வரைக்கும் இருபது சீசன் முடிஞ்சாச்சு, பிளேஆஃப், அதான் சீசன் கடைசில நடக்கற நாக்அவுட், அது வாசப்படிய கூட மிதிக்கல. அமெரிக்காவுல பெரிய நாலு விளையாட்டுல எந்த டீமுக்கும் இந்த 2022 ஜூலைல இவ்வளவு நீளமான பஞ்சம் கிடையாது. போன வருஷம் 90 மேட்ச் ஜெயிச்சும் கடைசி நாள்ல வெளிய வந்தோம், அன்னைக்கு நீங்க ரெண்டு நாள் சாப்பிடலன்னு அத்தை சொன்னாங்க (ஒரு வேளைதான்னு நீங்க சொல்றீங்க, நான் அத்தைய நம்பறேன்).

ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த 2022 ஐபிஎல்ல சிஎஸ்கே பத்து டீம்ல ஒன்பதாவது வந்துச்சு. மஞ்ச டிஷர்ட்ட கழட்டுனீங்களா? இல்லல்ல? அதே பொறுமை சியாட்டலுக்கு மட்டும் ஏன் கிடையாது?

சரி, கதைக்கு வரேன். நீங்க போன அடுத்த வாரமே ஏஞ்சல்ஸ் ஊர் அனஹைம்ல பெரிய அடிதடி. முதல் இன்னிங்ஸ்ல நம்ம இளம் பேட்டர் ஜூலியோ தலைக்கு பின்னாடி ஒரு பந்து போச்சு, அடுத்த இன்னிங்ஸ்ல நம்ம இன்னொரு பேட்டர் விங்கர் இடுப்புல ஒண்ணு, அவ்வளவுதான், ரெண்டு டக்அவுட்டும் காலி, எல்லாரும் கிரவுண்ட்ல. ஏஞ்சல்ஸ்ல கடைசி இன்னிங்ஸ் பந்து போடற இக்லேசியாஸ் கோவத்துல சூரியகாந்தி விதை டப்பாவ தூக்கி கிரவுண்ட்ல வீசறாரு. பன்னெண்டு பேருக்கு சஸ்பென்ஷன். அன்னைக்கு மேட்ச்சும் தோத்துட்டோம். அதுல ஒரு கூத்து, அரிசோனாவுல டிவி பார்த்துட்டு இருந்த ஒரு ரசிகை விங்கர் பாவம்னு ஆப்ல பீட்சா ஆர்டர் பண்ணி ஸ்டேடியத்துக்கே அனுப்பிச்சிருக்காங்க, அது அவர் கைக்கு போயும் சேர்ந்திருக்கு. நம்ம வீட்டு அட்ரஸுக்கு ஒழுங்கா ஒரு பிரியாணி வந்து சேர மாட்டேங்குது.

அதுல இருந்துதான் டீம் மாறுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அவ்வளவு நம்பல. சண்டை போட்டா பேட் சுத்துமா என்ன? எனக்கு தெரிஞ்ச காரணம் பிட்ச்சிங்தான். ராபி ரே, நீங்க "இவ்வளவு காசு குடுத்து டைட் பேண்ட் போட்ட ஆள வாங்கியிருக்காங்க"ன்னு திட்டுவீங்களே, அவரு ஜூன்ல பழைய சின்கர், அதான் கீழ இறங்கற பந்த மறுபடியும் போட ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் பல வாரம் அவர யாரும் அடிக்க முடியல. பின்னாடி புல்பென்ல, அதான் கடைசி இன்னிங்ஸுங்களுக்கு மாத்தி இறக்கற பிட்ச்சருங்கள்ல, மூனியோஸ்னு ஒரு பையன் நூறு மைலுக்கு மேல சர்வசாதாரணமா எறியறான், சீவால்டு இருக்காரு, நியூயார்க் மெட்ஸ் வேண்டாம்னு விட்ட ஆளு. ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு ரன் முன்னாடி இருந்தா போதும்ங்கற நிலைமை. நமக்கு அது எவ்வளவு புதுசு, யோசிச்சு பாருங்க.

அப்புறம் ரேலி. கேல் ரேலி. ஏப்ரல்ல பேட்ல பந்தே படாம நம்ம கீழ்லீக் டீம் டக்கோமாவுக்கு அனுப்பிச்ச கேட்ச்சர், இன்னொரு கேட்ச்சர் மர்ஃபிக்கு தோள்பட்டை கழண்டதால வேற வழியில்லாம திருப்பி கூப்பிட்டாங்க. "இவன் பின்பக்கம் மட்டும்தான் பெருசு"ன்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, அவன் செல்லப்பேரே அதுதான். அதே பையன் இப்போ ஹோம் ரனா, நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சு தள்ளறான் மாமா. ரெண்டு பக்கமும் பேட் பண்றான்.

ஜூலை 2. அன்னைக்கு ஓக்லண்டு மேட்ச்சுக்கு சும்மா ஒரு வேகத்துல உங்க ஜெர்சிய போட்டேன். ஜெயிச்சோம். அடுத்த நாளும் போட்டேன். ஜெயிச்சோம். அதுக்கப்புறம் நான் எப்படி துவைப்பேன் சொல்லுங்க? சான் டியாகோ போய் ரெண்டு மேட்ச். நாலு ஆச்சு. வீட்டுல ஒரு வாரம் கழிச்சு மூக்க பொத்திக்கிட்டாங்க, "ஒண்ணு இந்த சட்டை இந்த வீட்டுல இருக்கணும் இல்ல நான் இருக்கணும்". நான் பதில் சொல்ல கொஞ்சம் லேட் ஆயிடுச்சு, அதுக்கு தனியா ஒரு பஞ்சாயத்து.

அப்புறம் கனடா டீம் டொரன்டோ ப்ளூ ஜேஸ் வந்துச்சு. இத நிதானமா சொல்லணும். ரெண்டு வருஷமா கோவிட், பார்டர்னு வர முடியாம இருந்த வான்கூவர் கூட்டம் மொத்தமும் வண்டி கட்டிக்கிட்டு இறங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை நான் ரெட்மண்ட்ல 545 பஸ் ஏறினேன், பஸ்ஸுக்குள்ளயே பாதி நீலச்சட்டை. ஸ்டேடியத்துக்குள்ள போனா "லெட்ஸ் கோ ப்ளூ ஜேஸ்"னு அவன் கத்தறான், நம்ம ஆளுங்க அத அமுக்கறதுக்கு கத்தறாங்க, திருவிழால ரெண்டு ஊர் மேளம் ஒரே தெருவுல எதிர எதிர வந்த மாதிரி இருந்துச்சு. ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம், பக்கத்துல ட்ரெயின் ஹார்ன் அடிச்சிட்டு போகுது, கார்லிக் ஃப்ரைஸ் வாசனை, என் ஜெர்சி வாசனைய அதுதான் காப்பாத்துச்சு.

2-2. ஒன்பது இன்னிங்ஸ் முடிஞ்சுது. பத்து. உங்களுக்கு பிடிக்காத அந்த புது ரூல், எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்னா ரெண்டாவது பேஸ்ல ஒரு ஆள ஓசியில நிக்க வைக்கிறது, அத வச்சும் ரெண்டு பேருக்கும் ரன் வரல. எனக்கு கடைசி பஸ் கவலை வேற. கிளம்பலாமா வேண்டாமான்னு ஃபோன்ல டைம்டேபிள பார்த்துக்கிட்டே இருக்கேன், பதினொண்ணாவது இன்னிங்ஸ், நம்ம சுவாரஸ் பேட்டிங். சத்தம் கேட்டு தலைய தூக்கறேன், பந்து போய்க்கிட்டே இருக்கு. மூணு ரன். 5-2. முன்ன பின்ன தெரியாத ஒரு தாத்தா என்ன கட்டிப்பிடிச்சு, உடனே விட்டுட்டாரு. ஜெர்சி.

அந்த அடி ஆரம்பத்த நான் பார்க்கவே இல்ல மாமா. டைம்டேபிள பார்த்துட்டு இருந்தேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை நம்ம சான்டானா. கான்சஸ் சிட்டில இருந்து ஜூன் கடைசில வாங்கினது, 36 வயசு, நம்ம ஆட்டக்காரர் டை ஃபிரான்ஸுக்கு முழங்கைல அடிபட்டதால ஒரு ஒட்டு வேலைக்கு எடுத்த ஆளு. அவரு அன்னைக்கு ரெண்டு ஹோம் ரன், நாலுக்கு நாலு மேட்ச்சும் நம்மது. பஸ்ல திரும்பி வரப்போ நீலச்சட்டைங்க எல்லாம் ஜன்னல பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு கொஞ்சம் பாவமா கூட இருந்துச்சு, இருபது வருஷமா அந்த ஜன்னல் சீட்டு நம்மளோடதுதானே.

வாஷிங்டன் டி.சி.ல மழையால ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், ரெண்டும் ஜெயிச்சாச்சு. ஆபீஸ் மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு ஒரு காதுல மேனேஜர், இன்னொரு காதுல ரேடியோல கமென்ட்ரி சொல்ற ரிக் ரிஸ். எனக்கு பேஸ்பாலே ரேடியோல கேட்டாதான் பேஸ்பால், நீங்கதான் பழக்கினீங்க. சின்ன வயசுல லீவுக்கு வந்தப்போ உங்க கேரேஜ்ல ரேடியோ கமென்ட்ரி டேவ் நீஹாஸ் குரல், "மை ஓ மை"ன்னு அவர் சொன்னதும் நீங்களும் ஸ்பானர தூக்கிக்கிட்டு "மை ஓ மை"ம்பீங்க, அவர் இறந்தே பன்னெண்டு வருஷம் ஆகப்போகுது, இப்பவும் பெரிய ஷாட் போனா எனக்கு முதல்ல கேக்கறது உங்க குரல்தான்.

162 மேட்ச் எதுக்கு, ரொம்ப ஜாஸ்தின்னு நம்ம கிரிக்கெட் பசங்க கேப்பாங்க. நானும் கேட்டிருக்கேன். இந்த ஜூலைல பதில் கிடைச்சுது. பால் பாக்கெட் மாதிரி அது தினமும் வாசல்ல வந்து கிடக்கும். எந்த நாள் பாலும் ஞாபகத்துல நிக்காது, ஆனா ஒரு நாள் வரலைன்னா வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஓடாது. சீசன் நடுவுல வர ஆல்ஸ்டார் பிரேக்ல நாலு நாள் மேட்ச் இல்லாதப்போ சாயங்காலம் என்ன பண்றதுன்னு தெரியாம நான் கேரேஜ கூட்டினேன்.

இப்போ முக்கியமான குத்தச்சாட்டு. ஜூலை 14-ல இருந்து 17 வரைக்கும் நம்ம டீம் எங்க இருந்துச்சு? அர்லிங்டன்ல. ஃபிரிஸ்கோல உங்க வீட்டுல இருந்து முக்கா மணி நேரம். மேல கூரை, உள்ள ஏசி, நீங்க சொல்ற "வெயிலு"ங்கற சாக்கும் செல்லாது. நாலு நாள், நாலு ஜெயிப்பு. வெள்ளிக்கிழமை ஜூலியோ கிராண்ட் ஸ்லாம் அடிச்சான், மூணு பேஸ்லயும் ஆளு, இருபத்தோரு வயசு பையன், பந்து அடிச்சதும் தெரிஞ்சிடுச்சு. அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணீங்க? அத்தைகிட்ட கேட்டேன். காஸ்ட்கோ போயிருந்தீங்களாம்.

ஞாயித்துக்கிழமையோட பதினாலு. 2001 டீமோட ரெக்கார்டு பதினஞ்சு, ஒண்ணுதான் பாக்கி. 29-39-ல இருந்து 51-42. இருபத்தஞ்சு மேட்ச்ல இருபத்திரெண்டு ஜெயிப்பு, மாமா, நீங்க போன அன்னைக்கப்புறம். உங்கள போகச் சொன்னதே டீம் மேனேஜ்மென்ட்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மறுநாள் லாஸ் ஏஞ்சலஸ்ல ஹோம் ரன் டெர்பி, யாரு ஜாஸ்தி ஹோம் ரன் அடிக்கறாங்கன்னு ஒரு போட்டி. முதல் ரவுண்டுல ஜூலியோ 32, அதுவும் உங்க புது ஊர் டீம் கோரி சீகர தட்டிவிட்டு. அடுத்து ரெண்டு வருஷமா சாம்பியனா இருந்த அலோன்சோவ வெளிய அனுப்பினான். ஃபைனல்ல சோட்டோகிட்ட ஒரே ஒரு அடில தோத்தான், 19-18. தோத்த பையன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நம்ம டீம் பத்தி நாடு முழுக்க பேசினாங்க, கடைசியா எப்போ பேசினாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் என்ன, ஹூஸ்டன். ஜூலியோவுக்கு மணிக்கட்டு வலி, மூணு மேட்ச்சும் ஆடல. ஸ்டேடியம் ஃபுல், மொத்த மேட்ச்சையும் ஜெயிச்சா கூட்டித் தள்ளிட்டோம்னு காட்ட ஜனங்க விளக்குமாறு கொண்டு வந்தாங்க, விளக்குமாறு அவங்களுக்குத்தான் யூஸ் ஆச்சு. பதினாலு மேட்ச்ல ஏறினத மூணே நாள்ல இறக்கினாங்க. நேத்து ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்ச உடனே வீட்டம்மா ஒண்ணும் பேசாம வந்து ஜெர்சிய என் மேல இருந்து உருவி மெஷின்ல போட்டாங்க. அது உள்ள சுத்திக்கிட்டு இருக்கறப்போதான் உங்க "சொன்னேன்ல" வந்துச்சு. டைமிங் மாமா.

நீங்க என்ன சொன்னீங்கன்னு யோசிச்சேன். "இவங்க கடைசில கவுத்துருவாங்க" அதானே. கவுக்கலாம். 51-45ல இருக்கோம், இந்த வருஷம் வைல்டு கார்டு (பிரிவுல முதலா வராத டீமுக்கும் கிடைக்கற பிளேஆஃப் இடம்) மூணு, அதுல ஒண்ணு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அக்டோபர்ல என்ன ஆகும்னு எனக்கு தெரியாது. ஆனா தோத்த மூணு நாளுக்கு சொன்ன வார்த்தைய, ஜெயிச்ச பதினாலு மேட்ச்ல ஒண்ணுக்காவது சொல்லியிருக்கலாம்ல? அவ்வளவு பயமா? ஃபோன் பண்ணா மந்திரம் கலைஞ்சிடும்னு பயந்தீங்களா? அப்படி பயந்து பேசாம இருந்திருந்தா சொல்லுங்க, மொத்தத்தையும் மன்னிச்சிடறேன். ஏன்னா அத்தை இன்னொண்ணும் சொன்னாங்க. காஸ்ட்கோ பார்க்கிங்ல ட்ராலிய வச்சிட்டு ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளயே உட்கார்ந்து ஏதோ ரேடியோ கேட்டீங்களாம்.

இன்னைக்கு டெக்சாஸ் இங்க வருது, மூணு மேட்ச். உங்க ஊர் டீம்ங்கறதால நம்ம ஆப்ல உங்களுக்கு பிளாக்அவுட் ஆகும், லோக்கல் சேனல்லதான் பார்க்கணும், அவங்க கமென்ட்ரி சகிக்காது, மியூட்ல வச்சுக்கோங்க. நீங்க சாப்பிட்டு முடிச்சு உட்கார்ற நேரத்துக்கு ஆரம்பிக்கும். நாளைல இருந்து இங்க வெயில் ஏறப்போகுதாம், வீட்டுல ஏசி கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். ஜெர்சி பால்கனில தொங்குது. காலர் மட்டும் இன்னும் ஈரம். அஞ்சு மணி பஸ்ஸுக்கு கிளம்பறேன், அதுக்குள்ள காஞ்சிடும்.

உங்க மருமகன்