ஆயிரத்துக்கு எவ்வளவு?

கொக்குவில்,
ஞாயிறு காலை.

அன்பின் குமார்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. சுகமாய் இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். மழை விட்டுவிட்டது, முற்றத்து முருங்கை திரும்பவும் பூத்திருக்கிறது.

ஹட்டனில் நீ படிப்பித்த பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றி எழுதியிருந்தாய். சம்பளத்தைக் கூட்டினால் தேயிலைத் தோட்டத்தை மூட வேண்டிவரும் என்கிறது கம்பனி, கூட்டாவிட்டால் சீவிக்க முடியாது என்கிறது தொழிற்சங்கம், இதில் யாருடைய கணக்குச் சரி என்று கேட்டாய். இரண்டு நாளாக அதே யோசனைதான். சம்பளப் பேச்சு என்றதும் எனக்கு ஐயாவின் சுருட்டுக் கொட்டில்தான் ஞாபகம் வருகிறது.

நீயும் அங்கே வந்திருக்கிறாய். ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கை ஓயாமல் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். கூலி ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று. எனக்குப் பத்து வயதிருக்கும்போது கூலி கூட்டக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். நாலு நாளில் பசி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும் என்று முதலாளி நினைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத ஒன்று, சந்திக் கடைக்காரர் எல்லா வீட்டுக்கும் அரிசியும் மாவும் கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கொப்பியின் நீல மட்டையும் அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. தெற்கே காலி, மாத்தறைப் பக்கத்து வியாபாரிகளிடம் இருந்து சுருட்டு கேட்டுத் தந்தி வரத் தொடங்கியது. பதினோராம் நாள் முதலாளியே ஆள் அனுப்பினார்.

பிறகு கம்பஸில் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1932இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மற்றவர் எவ்வளவு நாள் தாங்குவார் என்பது இரண்டு பக்கத்துக்கும் சரியாகத் தெரிந்தால் வேலைநிறுத்தமே தேவைப்படாது, கடைசியில் எந்த இடத்தில் முடியுமோ அங்கேயே முதல் நாளில் கையெழுத்து வைக்கலாம் என்பது அவருடைய வாதம். அந்தப் பதினொரு நாளும் முதலாளி கடன் கொப்பியை அறியாததால் வந்த நட்டம். சங்கத்தின் பலம் கோஷத்தில் இல்லை, எத்தனை நாள் அடுப்பெரியும் என்பதில் இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை மச்சான். கூலி கூடியது. இரண்டு மாதத்தில் கொட்டிலுக்கு வந்த புகையிலை மாறியது. காய்ந்து வெடித்த இலை, ஒரு சுருட்டுக்கு இரண்டு தரம் சுற்ற வேண்டும். ஆயிரம் சுருட்ட முன்பு எடுத்த நேரத்தில் எழுநூறுதான் வந்தது. கையில் கிடைத்த காசு பழைய காசுதான். "விலையைப் பேசினம், இலையைப் பேச மறந்து போனம்" என்று ஐயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். 1992இல் கம்பனிகள் தோட்டங்களை நிர்வகிக்க வந்த பிறகு முதலாளிமார் சம்மேளனமும் பெரிய சங்கங்களும் சம்பளத்தையும் வேலையையும் பேசிக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து வந்தன. நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டுப் போராடி 2016இல் கிடைத்தது 730. அதிலும் அடிப்படைச் சம்பளம் 500தான், மிச்சம் வரவுக்கும் உற்பத்திக்கும் என்று கட்டுப்போட்ட காசு. 2019இல் அடிப்படை 700 ஆனது. 2021 மார்ச்சில் அரசாங்கத்தின் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வர்த்தமானியில் வந்து சட்டமானது. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள், எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான், என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2024 மே தினத்தில் அரசாங்கம் 1700 என்று அறிவித்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, அந்த வருடம் அடிப்படை 1350இல் வந்து நின்றது. ஒரு நாள் சம்பளத்தைச் சட்டம் கட்டிவைக்கலாம். எத்தனை நாள் வேலை, ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ என்பதைப் பேச ஒரு மேசை வேண்டும். அந்த மேசை போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கம்பனியின் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேயிலை விலை கொழும்பு ஏலத்தில் தீர்கிறது, செலவில் பெரும்பங்கு கூலி. ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால், கொழுந்து எடுக்கிற பெண் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். போக வேறு இடமில்லாத ஆளுடைய கூலியை, அவளுடைய உழைப்பு ஈட்டித் தருவதை விடக் குறைவாகவே வைத்திருக்க முடியும். அந்த நிலையில் கூலி கூடினால் வேலை குறையத்தான் வேண்டும் என்பதில்லை. இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், ஆளில்லை என்று கம்பனிகளே சொல்கின்றன. கூட்டிக் கொடுத்தால் சிலராவது நிற்க மாட்டார்களா?

அப்புறம், நம் வீட்டுச் செய்தி. தங்கச்சியின் மகள் பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், உனக்குத் தெரியும். காலை ஒன்பதில் இருந்து இரவு எட்டு வரை, உட்கார ஒரு கதிரை கிடையாது. பொழுதுபட வரும்போது அவளுடைய கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சிவப்பாய்க் கிடக்கும். அவளும் சிலரும் சேர்ந்து சம்பளம் கூட்டக் கேட்டிருக்கிறார்கள். முதலாளி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார். ஒருத்திக்கு ஆயிரம் ரூபா கூட்டினார், இன்னொருத்திக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் அவர்கள் தங்களுக்குள் முகம் பார்த்துப் பேசவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது.

சங்கம் பதிய ஏழு பேர் போதும் என்று அவளுக்குச் சொன்னேன். ஆனால் முதலாளி பேச மறுக்க முடியாதபடி ஆக வேண்டுமென்றால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நூற்றுக்கு நாற்பது பேர் சேர வேண்டும். கடையில் பதினெட்டுப் பேர், ஆக எட்டுப் பேர். இப்போது ஆறு பேர் சரி என்கிறார்கள். வாற ஞாயிறு எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். கோரிக்கையில் சம்பளத்தை மட்டும் எழுத வேண்டாம், கதிரையையும் வேலை நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

நீ எனக்கு ஓர் உதவி செய். உன் பழைய மாணவிகளிடம் கேட்டு, இப்போது ஒரு பேருக்கு எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள் என்று எழுது. ஞாயிற்றுக்கு முன்னம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லு.

உன்,
ராசன்